சொல்லை உடைத்துப் பார்க்கும் கூட்டத்திடம் சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாபேட்டையில் ஒரு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மற்றவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், ஒரு தறிப்பட்டறைக்காரர், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. வாரத்தில் காதில் விழுந்த ஏதாவது ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதிப் பிரிப்போம். அதே விஷயத்தை மற்ற மொழிக்காரர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்ப்போம். மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

இது பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம்தானே?

பாதி அதுதான். பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்காதவர் யார்? ‘வந்தனன்’ என்பதை வா(வ) + த்(ந்) + த் + அன் + அன் என்று பிரித்து, வா பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி என்று ஒப்பித்திருப்பீர்கள். நன்னூல் சொன்ன அந்த ஆறு உறுப்புகளில் பகுதி, விகுதி, இடைநிலை போன்ற துண்டுகளைத்தான் இன்றைய மொழியியலார் உருபன் என்ற பொதுப்பெயரில் பேசுகிறார்கள். சொல்லுக்குள் நடப்பது உருபனியல், சொற்கள் வாக்கியமாக நிற்பது தொடரியல், உலக மொழிகளை இந்த இரண்டிலும் ஒப்பிட்டு எது எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பது வகைமையியல்.

மீதிப் பாதி வேறு. பள்ளியில் தவறு என்று சிவப்பு மையில் சுழித்ததை எல்லாம் இங்கே முதலில் எழுதிக்கொள்வோம். முப்பது வருஷம் அந்தச் சிவப்பு மையைக் கையில் வைத்திருந்தவன் சொல்கிறேன், பழக்கம் மாறக் கொஞ்ச நாளாயிற்று.

தமிழை ஒட்டுநிலை மொழி என்கிறார்களே, அப்படியென்றால்?

சேலத்துக்காரருக்குத் தட்டுவடை செட்டை வைத்தே சொல்லிவிடலாம். கீழே ஒரு தட்டுவடை, மேலே சட்னி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், வெங்காயம், மூடியாக இன்னொரு தட்டுவடை. ஒவ்வோர் அடுக்கும் கண்ணுக்குத் தெரியும். வெங்காயம் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அதே சாமான்களை நொறுக்கி, கிளறிக் கொடுத்தால் அது நொறுக்கல். சுவை இருக்கும், ஆனால் எது எங்கே என்று பிரிக்க முடியாது.

‘மரத்தின்’, ‘மரங்களின்’ இரண்டையும் பாருங்கள். பன்மைக்குக் ‘கள்’ வருகிறது. ‘இன்’ அப்படியே நிற்கிறது. இது செட். சமஸ்கிருதத்தில் மரத்தின் என்பது ‘விருக்ஷஸ்ய’, மரங்களின் என்பது ‘விருக்ஷாணாம்’. பன்மை எது, வேற்றுமை எது என்று கத்தி வைத்து வெட்ட இடமில்லை. இது நொறுக்கல், புத்தகங்கள் இதை உட்பிணைப்பு நிலை என்கின்றன. சீனமும் வியட்நாமியமும் தனிநிலை: தட்டுவடை, சட்னி, வெங்காயம் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில்.

நம் செட்டைத் துருக்கியர்களும் போடுகிறார்கள். ‘எவ்லெரினிஸ்தென்’ என்றால் உங்கள் வீடுகளிலிருந்து: எவ் வீடு, லெர் கள், இனிஸ் உங்கள், தென் இருந்து. ஆப்பிரிக்காவின் சுவாஹிலியும் ஒட்டுகிறது, ஆனால் முன்பக்கமாக. ‘நினகுபெண்டா’: நி நான், ன நிகழ்காலம், கு உன்னை, பெண்டா நேசி. வினைக்கு முன்னாலேயே எழுவாய், காலம், செயப்படுபொருள் மூன்றும் வரிசை கட்டிவிடுகின்றன.

இதைக் கேட்டதும் ‘தமிழ் சுத்தமான ஒட்டுநிலை’ என்று மார்தட்ட வேண்டாம். ‘வந்தான்’ என்பதில் உள்ள ‘ஆன்’ படர்க்கை, ஆண்பால், ஒருமை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அது நொறுக்கல்தான். இறந்தகாலத்தைக் காட்டச் செய்தான், கண்டான், நட்டான், வாங்கினான் என்று ஆளுக்கொரு வடிவம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர் இந்த வகைகளைப் படிக்கட்டாக அடுக்கி, தங்கள் மொழிகளை மேல்படியில் உட்கார வைத்தார்கள். அந்தப் படிக்கட்டை இப்போது யாரும் ஏறுவதில்லை.

எவ்வளவு ஒட்டுகிறது என்று எண்ணிச் சொல்ல முடியுமா?

முடியும். ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலார் 1954இல் ஒரு எளிய கணக்குப் போட்டார். ஒரு மொழியில் நூறு சொல் உள்ள பகுதியை எடு, அதில் எத்தனை உருபன்கள் என்று எண்ணு, சொற்களின் எண்ணிக்கையால் வகு. வியட்நாமியத்துக்கு 1.06 வந்தது, அதாவது ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய ஓர் உருபன். ஆங்கிலம் 1.68, சுவாஹிலி 2.55, சமஸ்கிருதம் 2.59, எஸ்கிமோ 3.72.

நாங்களும் ஒரு வாக்கியத்தை வைத்து எண்ணினோம். வங்கி அம்மா பஸ்ஸில் கேட்டது: ‘பாட்டி வீட்டுக்கு மாம்பழத்த வாங்கிட்டு வந்தாங்களாம்.’ பாட்டி, ஒன்று. வீட்டு-க்கு, இரண்டு. மா-பழ-த்து-ஐ, நான்கு, பேச்சில் ஐ தேய்ந்து ‘அ’ ஆகிவிட்டாலும் ஆள் இருக்கிறார். வாங்கு-இ-ட்டு, மூன்று. வ-ந்த்-ஆங்க(ள்)-ஆம், நான்கு. மொத்தம் 14, சொல் 5, ஆக 2.8.

உடனே சண்டை. ‘மாம்பழத்த’ என்பதில் உள்ள ‘அத்து’ வெறும் சாரியை, அதற்குத் தனிப்பொருள் கிடையாது, எண்ணக் கூடாது என்றான் ஒரு மாணவன். பொருள் இல்லாவிட்டாலும் ‘மாம்பழமை’ என்று யாரும் சொல்வதில்லையே, அது இல்லாமல் சொல் நிற்காதே என்றார் பட்டறைக்காரர். எண்ணாவிட்டால் 2.6. ‘வாங்கிட்டு வந்தாங்களாம்’ இரண்டு சொல்லா ஒரு சொல்லா என்பது அடுத்த சண்டை. இடைவெளி விட்டு எழுதுகிறோம் என்பதற்காக அது இரண்டாகிவிடுமா? விடை எதுவாக இருந்தாலும் கணக்கு மாறும். ஒற்றை வாக்கியத்தை வைத்து மொழிக்கே எண் போடவும் கூடாது. ஆனாலும் அரை மணி நேரத்தில் சாரியை என்றால் என்ன என்று அந்த மாடியில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. வகுப்பறையில் எனக்கு அது நடந்ததில்லை.

எழுத்துத் தமிழை ஆராய்வதா, பேச்சையா?

பேச்சை. எழுத்து பல விஷயங்களை மூடிவிடுகிறது. மேலே உள்ள வாக்கியத்திலேயே இரண்டு இருக்கின்றன.

‘வந்தாங்க’ என்று சொல்லும்போது கடைசியில் மெய் எதுவும் இல்லை. ‘ஆ’ சேர்த்துக் கேள்வி கேளுங்கள்: ‘வந்தாங்களா?’ எங்கிருந்தோ ஒரு ‘ள்’ குதிக்கிறது. ‘வந்தாங்களாம்’ என்றாலும் அதே ‘ள்’. வந்தார்கள் என்பதில் இருந்த ‘ள்’ சாகவில்லை, உயிரெழுத்து பக்கத்தில் வரும்வரை பதுங்கியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடமும் இதே விளையாட்டு: ‘லே’ என்று மட்டும் ஒலிக்கும் சொல், ‘நண்பர்கள்’ என்பதற்கு முன்னால் ‘லேஸ் அமி’ ஆகிவிடும். நான்கு வயதுக் குழந்தைகூட ‘வந்தாங்கவா’ என்று கேட்காது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இரண்டாவது, ‘ட்டு’. ‘வந்துட்டாங்க’ என்பதில் உள்ள ‘ட்டு’ ‘விட்டு’ என்பதன் மிச்சம், வேலை முடிந்தது. ‘வந்துட்டு இருக்காங்க’ என்பதிலோ எழுத்துத் தமிழ் ‘கொண்டு’ என்று எழுதும் இடத்தில் நிற்கிறது, வேலை முடியவில்லை. ஒலி ஒன்று, பொருள் நேர் எதிர். அடுத்து என்ன வருகிறது என்பதை வைத்துத்தான் காது முடிவு செய்கிறது. எழுத்தில் மட்டும் பார்க்கிறவருக்கு இந்தக் குழப்பமும் தெரியாது, அதன் அழகும் தெரியாது.

வினை கடைசியில் வருவது தமிழின் தனிச்சிறப்பா?

சிறப்பு என்னவோ உண்டு, தனி இல்லை. உலக மொழிகளின் கட்டமைப்பை வரைபடமாக்கிய தொகுப்பு ஒன்று 2005இல் புத்தகமாக வந்தது. 2008இலிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சொல்வரிசைக்காகப் பார்த்த மொழிகள் 1,370க்கும் மேல். எழுவாய்–செயப்படுபொருள்–வினை என்று நம்மைப் போல அடுக்குவன சுமார் 41 விழுக்காடு. ஆங்கிலம் போல வினையை நடுவில் வைப்பன 35. வெல்ஷ், அரபு இலக்கிய நடை போல வினை–எழுவாய்–செயப்படுபொருள் என்று அடுக்குவன 7 விழுக்காடுதான். செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைப்பவை 11 மொழிகள்.

பிரேசிலின் ஹிஷ்கர்யானா அந்தப் பதினொன்றில் ஒன்று. ‘தோதோ யொனொயே கமரா.’ வரிசையாகச் சொன்னால் மனிதன், தின்றது, ஜாகுவார். மனிதன் ஜாகுவாரைத் தின்றான் என்று நினைத்தால் தப்பு, தின்னப்பட்டவன் மனிதன். பதறிப்போய் ஓடிவரும்போது நாமும் ‘மனுசனத் தின்னுருச்சு புலி’ என்போம். நமக்கு இரண்டாம் வேற்றுமை உருபு காவல் நிற்பதால் வரிசையை எப்படியும் புரட்டலாம். அவர்களுக்கு வரிசையே காவல்.

சுவாரசியம் வரிசையில் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வருபவற்றில் இருக்கிறது. கிரீன்பெர்க் 1963இல் 30 மொழிகளை வைத்து 45 பொதுவிதிகள் எழுதினார். வினை கடைசியில் வரும் மொழியில், நம் ‘மேசை மேல்’, ‘வீட்டுக்குப் பின்னால்’ போல, உறவுச்சொல் பெயருக்குப் பின்னால் வரும் என்பது அவற்றில் ஒன்று. ஜப்பானியம், துருக்கி, இந்தி எல்லாம் இந்த விதிக்குள் அடங்குகின்றன. பாரசீகம் அடங்காது: வினை கடைசியில், ஆனால் உறவுச்சொல் முன்னால். அந்த முப்பதில் தமிழ் இல்லை. திராவிட மொழிகளின் சார்பில் போனது கன்னடம். எங்கள் கூட்டத்தில் கன்னட வீட்டுப் பிள்ளை இதை வாராவாரம் நினைவூட்டத் தவறுவதில்லை.

‘நேத்து ஏற்காட்டுல இருந்து வந்த பஸ்ஸு’ என்கிறோம். பஸ்ஸைப் பற்றிய கதை முழுவதும் பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி முடித்த பிறகுதான் பஸ் கண்ணில் படும். வினையை நடுவில் வைக்கும் மொழிகள் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கதையைப் பின்னால் வைக்கும். சீனம் அரிய விதிவிலக்கு: வினை நடுவில், கதை மட்டும் நம்மைப் போல முன்னால்.

எங்கள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. நானும் வரலாமா?

நீங்கள்தான் முதலில் வர வேண்டும். சேலத்து நெசவாளர் தெருக்களில் கன்னடம், தெலுங்கு, சௌராஷ்டிரம் மூன்றும் வீட்டு மொழிகள். முதல் இரண்டும் திராவிடம். மூன்றாவது குஜராத்தி, மராத்தி வழி உறவுக்காரி, பல நூற்றாண்டாகத் தமிழோடு குடித்தனம். பிரிட்டிஷ் அதிகாரி கிரியர்சன் 1894இல் தொடங்கி 1928இல் முடித்த பெரிய இந்திய மொழி ஆய்வில் மதராஸ் மாகாணம் சேரவில்லை. நம் தெருக்களை யாரும் அப்போது எட்டிப் பார்க்கவில்லை.

முதல் நாள் எல்லோரிடமும் கேட்பது: ‘நாம’, ‘நாங்க’ என்ற வேறுபாடு உங்கள் வீட்டில் உண்டா? கேட்கிறவரைச் சேர்த்துச் சொல்வது நாம், விட்டுச் சொல்வது நாங்கள். தெலுங்கில் மனம், மேமு என்று உண்டு. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’தான். ‘நாவு ஹோகோணா’ என்றால் போவோம் வா என்று வினையிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: ‘காபி கீபி’ உண்டா? கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே ‘கீ’. இந்திக்காரர் ‘சாய் வாய்’ என்பார். துருக்கியிலும் தேநீர் ‘சாய்’தான், அவர்கள் ‘சாய் மாய்’ என்கிறார்கள். எதிரொலியின் முதல் எழுத்து மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ‘அது மாதிரி ஏதாவது’ என்ற பொருள் மாறவில்லை. வேறு வேறு குடும்பத்து மொழிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தே ஒன்றுபோல ஆகிவிட்ட இத்தகைய கூறுகளை வைத்துத்தான் எமனோ என்ற மொழியியலார் 1956இல் இந்தியாவை ஒரே மொழிப் பரப்பு என்றார்.

ஏற்காட்டு மலையாளிகள் மலையாளம் பேசுகிறவர்களா?

இல்லை. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை எல்லாவற்றிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழின் ஒரு வழக்கு. மலையை ஆள்பவர் என்று தங்கள் பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். கேரளத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

ஒருமுறை நாகலூர்ப் பக்கம் ஒரு பாட்டியிடம் பேச்சைப் பதிவு செய்யப் போனேன். ‘அம்மா, உங்க பேச்சுல சொல்லுங்க’ என்று கைபேசியை நீட்டியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வானொலிச் செய்தி மாதிரி ‘எங்கள் ஊரில் மிளகும் காப்பியும் விளைகின்றன’ என்றார். பத்து நிமிஷமும் அப்படியே. தப்பு என்னுடையது, கேட்ட விதம் அப்படி. கைபேசியைப் பைக்குள் போட்ட பிறகு பேச்சு காட்டுமாட்டுப் பக்கம் திரும்பியது.

‘காப்பிச் செடிய மிதிச்சுப்போட்டுப் போயிருச்சுங்க’ என்றார், தன் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி. அடுத்த மூச்சில், கீழே இருக்கும் எஸ்டேட்டைப் பற்றி: ‘அங்கயும் வந்துச்சாமுங்க.’ தன் கண்ணால் பார்த்ததற்கு ‘ஆம்’ இல்லை. கேள்விப்பட்டதற்கு ‘ஆம்’. துருக்கியில் ‘கெல்தி’ என்றால் வந்தான், ‘கெல்மிஷ்’ என்றால் வந்தானாம். கொலம்பியா–பிரேசில் எல்லையில் பேசும் துயுகா மொழியில் கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா, தடயத்தைப் பார்த்து ஊகித்ததா, பிறர் சொன்னதா, பொது அறிவால் சொல்வதா என்று ஐந்து வகை உருபு. அதைச் சேர்க்காமல் வினையை முடிக்கவே முடியாது.

அந்த ‘ஆம்’ எனக்கு வேண்டியிருந்தது. வானொலித் தமிழில் கிடைத்திருக்காது. பாட்டியிடம் பிறகு சொல்லி, அனுமதி வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டேன். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க என்று சிரித்தார்.

ஏரி + காடு = ஏற்காடு, சரிதானே?

ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏரியும் இருக்கிறது, காடும் இருக்கிறது. ஆனால் புணர்ச்சி விதிப்படி வருவது ஏரிக்காடு. ‘ரி’ எப்படி ‘ற்’ ஆயிற்று என்று யாராவது காட்டும்வரை நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஊர்ப்பெயரைப் பார்த்தவுடன் பிரிக்கத் தோன்றும் ஆசை எல்லோருக்கும் உண்டு. பழைய ஆவணங்களில் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் பிரித்தால் அது கதைதான்.

உலகின் மூத்த மொழி எது? கடினமான மொழி எது?

முதலாவது எங்கள் பாடம் இல்லை. இரண்டாவது, உங்கள் தாய்மொழியைப் பொறுத்தது. தேநீர் ஆறுகிறது, அடுத்த கேள்விக்குப் போவோம்.

படித்தால் வேலை கிடைக்குமா? எங்கே படிப்பது?

அகராதி வேலை, மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தி, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் என்று இடங்கள் உண்டு, நிறைய இல்லை. தமிழ் மென்பொருளுக்கு உருபன் அறிவு கட்டாயம், ஏனென்றால் ‘வா’ என்ற ஒரு வினையின் எல்லா வடிவத்தையும் பட்டியல் போட்டு முடிக்க முடியாது, பிரிக்கத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். மொழியியல் துறைகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியாரிலும் இருக்கின்றன. மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு அங்கே போகலாம்.

தெரியாத மொழியை எப்படிப் பிரிப்பது?

நாலு வரி முறை. முதல் வரியில் காதில் கேட்டபடி வாக்கியம். இரண்டாவதில் அதையே துண்டு போட்டு. மூன்றாவதில் ஒவ்வொரு துண்டுக்கும் நேர் கீழே அதன் வேலை. நான்காவதில் முழுப் பொருள். துண்டு எங்கே விழும் என்று தெரிய ஒரே ஒரு தந்திரம்: ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிக் கேட்க வேண்டும். ‘வந்தான்’ கிடைத்தால் ‘வந்தாள்’ கேள், பிறகு ‘வருவாள்’ கேள். மாறியது எதுவோ அதுதான் துண்டு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

போன மாதம் பட்டறைக்காரர் தன்னிடம் வேலை செய்யும் தம்பி ஒருவரைக் கூட்டி வந்தார். ஜார்க்கண்ட், தாய்மொழி சந்தாலி. சேலத்தில் இரண்டு வருஷமாக இருப்பதால் தமிழ் ஓரளவு வருகிறது. சந்தாலி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம், திராவிடமும் இல்லை, இந்தியின் உறவும் இல்லை. வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டேன்: ‘தம்பி, நாங்க போறோம்னு உங்க பாஷைல எப்படிச் சொல்லுவீங்க?’ பலகையில் ‘நாம், நாங்கள்’ என்று இரண்டு கட்டம் போட்டுத் தயாராக நின்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘சார், எத்தன பேரு?’ என்றார். ‘ரெண்டு பேருன்னா ஒண்ணு, நெறைய பேருன்னா வேற. அப்புறம் நீங்களும் வரீங்களா, இல்லையா?’

நானும் நீங்களும் மட்டும் என்றால் அலாங். நானும் இன்னொருவரும், நீங்கள் இல்லை என்றால் அலிஞ். எல்லோரும் சேர்ந்து என்றால் ஆபோ. நாங்கள் பலர், நீங்கள் இல்லை என்றால் ஆலே. பலகையில் கட்டத்தை அழித்து நாலாகப் போட வேண்டியிருந்தது.